ஒரு வருஷம் என்று போனவர், இரண்டரை வருஷம் கழித்து வந்திருக்கிறார்

கேள்வி:

மேடம், குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் கணவர் தோல் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவு சூப்பர்வைசர். கல்யாணத்துக்கு முன்பே பகுதிநேர ராணுவமான டெரிடோரியல் ஆர்மியிலும் சேர்ந்துவிட்டார். வருஷத்துக்கு இரண்டு மாசம் டிரெயினிங், மற்றபடி வீட்டில்தான் இருப்பேன் என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். கடைசியாகக் கூப்பிட்டபோது ஒரு வருஷம் என்றார்கள். காஷ்மீர். அப்புறம் ஆறு மாசம் நீட்டினார்கள், மறுபடியும் நீட்டினார்கள். எல்லாம் சேர்ந்து இரண்டரை வருஷம். நடுவில் லீவில் வந்து போனதோடு சரி.

ஆறு வாரத்துக்கு முன்னால் டிஸ்எம்பாடி ஆகி, அதாவது பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, வந்துவிட்டார். ஆனால் வந்தவர் அவர் மாதிரியே இல்லை. நான் உட்கார்வதற்குள் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு கேட் தாழ்ப்பாளைப் போய்ப் பார்க்கிறார். அப்புறம் போனில் யூனிட் வாட்ஸ்அப் குரூப். கேன்டீன் ரம் இரண்டு பெக் போட்டால்தான் தூக்கம் வருகிறது என்கிறார். ஐந்து வயது மகள் அவரிடம் போக மாட்டேன் என்று பாட்டி முந்தானையைப் பிடித்துக்கொள்கிறாள். அவர் இல்லாதபோது நான் ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டேன். மகளிர் குழுவில் கடன் வாங்கி வீட்டுக்கு மேல்தளம் போட்டு, கடனையும் அடைத்துவிட்டேன். “யாரைக் கேட்டுச் செஞ்ச?” என்கிறார். கம்பெனியில் அவர் இடத்தில் வேறு ஆள். போனில் கேட்டதற்கு “பார்த்துச் சொல்றோம்” என்றார்களாம். அதற்குப் பிறகு இவர் அந்தப் பக்கமே போகவில்லை. சம்பளம் நின்றுபோய்விட்டது. நேற்று, “நீங்க எல்லாம் நான் இல்லாமலேயே நல்லாத்தான் இருக்கீங்க, அங்கேயே இருந்திருக்கலாம்” என்றார். மறுபடி கூப்பிட்டால் போவேன் என்கிறார். “பட்டாளத்துல இருந்து வந்தவன் அப்படித்தான் இருப்பான், போகப் போகச் சரியாகும்” என்கிறார் மாமியார்.

சரியாகிவிடுமா? டாக்டரிடம் போனால் யூனிட்டுக்குத் தெரிந்து பிரச்சினை ஆகுமா? மறுபடி போகாமல் நான் தடுக்கலாமா?

பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். அதற்குத்தான் அவசரம் அதிகம், அதனால் அந்தப் பகுதியை மட்டும் உங்களுக்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். மற்ற வாசகிகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

உங்கள் கணவரின் வேலைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1948-ஆம் ஆண்டு பிராந்திய ராணுவ (டெரிடோரியல் ஆர்மி) சட்டத்தின் 7ஏ பிரிவு இதைச் சொல்கிறது. பணிக்கு அழைக்கப்பட்டவருக்குத் தேவையான விடுப்பைக் கொடுப்பதும், அவர் திரும்பி வந்ததும் மறுபடி வேலையில் சேர்த்துக்கொள்வதும் முதலாளியின் கடமை. அவர் போகாமல் இங்கேயே இருந்திருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பாரோ, அதற்குக் குறையாத வேலையும் நிபந்தனையும் தரவேண்டும். முடியாது என்று கம்பெனி சொன்னால், அதற்கென்று உள்ள அதிகாரியிடம் முறையிடலாம். அவர் விசாரித்து, மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லலாம், அல்லது ஆறு மாதச் சம்பளம் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். கம்பெனியின் நிலைமையைப் பார்த்து அதற்கு விலக்கு கொடுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். பி.எஃப். போன்ற உரிமைகள் நடுவில் அறுந்துபோகாமல் இருக்க 7பி என்று தனிப் பிரிவு இருக்கிறது.

இதில் ஒரு கெடு இருக்கிறது. பணி முடிந்த இரண்டு மாதத்துக்குள் வேலையில் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டு விண்ணப்பிக்காவிட்டால், அதையே காரணமாகக் காட்டி முதலாளி தப்பித்துக்கொள்ளலாம். உங்கள் கணவர் வந்து ஆறு வாரம் ஆகிவிட்டது. போனில் கேட்டதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் அழைக்கப்பட்டார், எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டார், மறுபடி வேலையில் சேர விரும்புகிறார், அவ்வளவு போதும். இரண்டு உத்தரவுகளின் நகலையும் இணைத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வரும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். யூனிட்டின் நிர்வாகத்தைக் கவனிக்கும் அட்ஜுடன்ட் ஆபீசுக்கு ஒரு பிரதி போகட்டும். அங்கிருந்து கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லியும் கேட்கலாம். மேற்கொண்டு வழக்கறிஞர் உதவி தேவைப்பட்டால் வேலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், அல்லது 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

மனநல ஆலோசகர் ஒருத்தி சட்டத்தை ஏன் இவ்வளவு பேசுகிறாள் என்று தோன்றலாம். உங்கள் கணவரைப் போன்ற ரிசர்வ் படையினர் குடும்பங்களோடு பேசி வருகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், திரும்பி வந்தவருக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடம் இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது. தூக்கம், குடி, கோபம் மூன்றும் அதோடு பின்னிக் கிடக்கின்றன. எம்பாடி ஆகி, அதாவது முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டு, இருக்கும்வரை ரெகுலர் ஆர்மி ஜவானுக்கு உள்ள சம்பளம் வரும். விடுவித்த மறுநாளிலிருந்து ராணுவச் சம்பளம் கிடையாது. கம்பெனிச் சம்பளமும் இல்லை என்றால் அந்த வீட்டில் அவர் என்னவாக இருக்கிறார்? அந்தக் கேள்விதான் அவரை இரண்டு மணிக்கு எழுப்புகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுந்தபிறகு அவரைத் தூங்கவிடாமல் செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது அடுத்த அவசரம். “நான் இல்லாமலேயே நல்லாத்தான் இருக்கீங்க” என்று அவர் சொன்னதைச் சாதாரண வருத்தமாக எடுத்துக்கொண்டு விட்டுவிடாதீர்கள். அது வெறும் மனக்குறையாகவும் இருக்கலாம். தன்னை ஒரு பாரமாக நினைக்கத் தொடங்கியிருக்கிறார் என்பதற்கு அடையாளமாகவும் இருக்கலாம். எது என்று வெளியிலிருந்து யூகிக்க முடியாது, கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். நேராகக் கேளுங்கள். “நீங்க அப்படிச் சொன்னதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. செத்துப்போயிடலாம்னு ஏதாவது தோணுதா?” என்று கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அப்படி நடப்பதில்லை. கேட்டபிறகு பெரும்பாலானவர்களுக்கு ஒரு மூச்சு விட்ட மாதிரி இருக்கும். ஆமாம் என்றால், அல்லது பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், அவரைத் தனியாக விடவேண்டாம். ராத்திரி நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். ராணுவத்தினருக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் என்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரிலிருந்து இதன் தனிப் பிரிவே இயங்குகிறது.

சரி, இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

தானாகச் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சில விஷயங்கள் ஆகும். சாப்பாட்டை நாலே வாயில் முடிப்பது, கேட்டைப் பார்ப்பது, சத்தம் கேட்டால் திடுக்கிடுவது எல்லாம் அங்கே அவரை உயிரோடு வைத்திருந்த பழக்கங்கள். அவை மெல்ல மெல்லத்தான் விடும். ஆறு வாரம் என்பது இதில் ஆரம்பம். கேட் தாழ்ப்பாளை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறார் என்றால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். நாலு முறை, ஐந்து முறை என்று கூடிக்கொண்டே போனால் அது வேறு.

ஆனால் ‘போகப் போகச் சரியாகும்’ என்று உங்கள் அத்தை சொல்வதை முழுக்க நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கணவரைப் போன்ற பகுதிநேரப் படையினருக்கும் முழுநேரப் படையினருக்கும் தெளிவான வித்தியாசம் இருக்கிறது. ஈராக் போரிலிருந்து திரும்பிய 88,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினரை ஊர் திரும்பிய உடனே ஒருமுறையும், சில மாதங்கள் கழித்து இன்னொரு முறையும் பரிசோதித்த ஆய்வு 2007-ல் வந்தது. முதல் பரிசோதனையில் போர் அதிர்ச்சியின் அறிகுறிகள் இரு பிரிவினருக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தன. இரண்டாவது பரிசோதனையில் மனநலச் சிகிச்சை தேவை என்று தெரியவந்தவர்கள் முழுநேரப் படையினரில் 20.3 சதவீதம், ரிசர்வ் மற்றும் நேஷனல் கார்டு என்ற பகுதிநேரப் படையினரில் 42.4 சதவீதம். போன இடம் ஒன்று, பார்த்த போர் ஒன்று. திரும்பி வந்த இடம்தான் வேறு.

ரெகுலர் ஆர்மி ஜவான் களத்திலிருந்து திரும்பினால் தன் பட்டாலியனோடு பீஸ் ஸ்டேஷனுக்கு, அதாவது சண்டை இல்லாத ஊரில் உள்ள முகாமுக்குப் போகிறார். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருப்பவரும் அதே மலையில் நின்றவர்தான். மனைவிமார் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ராணுவ மருத்துவமனை கூப்பிடு தூரத்தில். உங்கள் கணவர் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கித் தனியாக பஸ் ஏறி வந்திருப்பார். மறுநாள் டீக்கடையில் “என்னப்பா, காஷ்மீர்ல குளிரா?” என்று கேட்டிருப்பார்கள். அதற்கு மேல் அவர் யாரிடம் என்ன பேசுவார்? வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்காரர் இல்லாத ஊர் குறைவு, கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவம் போன ஊரே இருக்கிறது. அங்கேயும்கூட டி.ஏ.காரர் (டெரிடோரியல் ஆர்மிக்காரர்) என்றால் “நீ பார்ட் டைம்தானே” என்ற ஒரு பார்வை உண்டு. தோனி யூனிபார்ம் போட்ட படத்தை வைத்துத்தான் நம் ஊரில் பலருக்கு டெரிடோரியல் ஆர்மியையே தெரியும். முதல் இந்திய கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜிதான் 1949 அக்டோபர் 9 அன்று இந்தப் படையைத் தொடங்கி வைத்தார் என்பதும், அப்போதிலிருந்து நடந்த போர்களில் இவர்களும் நின்றிருக்கிறார்கள் என்பதும் வெளியே பேசப்படுவதே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவர் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்ப்பது உங்களை விட்டு விலகிப்போவதற்காக இல்லை. அவர் சொல்லாமலே புரிந்துகொள்கிறவர்கள் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். அந்த குரூப்பைத் தடுக்காதீர்கள். முடிந்தால் பக்கத்து ஊர்களில் இருக்கும் ஓரிருவரை ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். ராத்திரிப் பேச்சு பகல் பேச்சாக மாறட்டும்.

இன்னொன்று, அந்த நீட்டிப்பு. ஒரு வருஷம் என்று சொல்லி இரண்டரை வருஷம் ஆனதே, அதைப் பற்றி நீங்கள் கடிதத்தில் ஓரிரு வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டீர்கள். எனக்கு அதுதான் உங்கள் வீட்டில் நடப்பதற்கெல்லாம் நடுவில் இருப்பதாகத் தெரிகிறது. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் பஸ் என்று தெரிந்தால் நிழல் பார்த்து உட்கார்ந்துவிடுவோம். இதோ வரும், இதோ வரும் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அரை மணி நேரத்திலேயே தளர்ந்துபோவோம். படையினர் விஷயத்தில் இது அளந்து பார்க்கப்பட்ட உண்மை. பிரிட்டிஷ் ராணுவத்தினரைப் பற்றி 2007-ல் வெளிவந்த ஆய்வில், மூன்று வருடத்தில் 13 மாதமோ அதற்கு மேலோ வெளியே இருந்தவர்களுக்குப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. அதோடு, முதலில் சொன்ன காலத்தைவிட நீண்டுபோனவர்களுக்கும் கூடுதலாக இருந்தது. எவ்வளவு நாள் என்பது ஒரு சுமை, சொன்ன நாள் மாறுவது தனிச் சுமை. அமெரிக்காவில் மினசோட்டா நேஷனல் கார்டு படைப்பிரிவு ஒன்று 2007 ஜனவரியில், ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், இன்னும் 125 நாள் ஈராக்கிலேயே இருக்கச் சொல்லப்பட்டது. பயிற்சியையும் சேர்த்து வீட்டை விட்டு 22 மாதம். கடை வைத்திருந்தவர்கள், டீச்சர்கள், விவசாயிகள் அவர்கள். அந்த மாதமே, ரிசர்வ் படையினரை ஒரு தடவைக்கு ஒரு வருடத்துக்கு மேல் பணிக்கு அழைப்பதில்லை என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை புதுக் கொள்கை கொண்டுவந்தது. குடும்பங்கள் எவ்வளவு தளர்ந்துபோயிருந்தால் அப்படி ஒரு முடிவு வந்திருக்கும் என்று பாருங்கள்.

உங்கள் வீட்டில் அந்த நீட்டிப்பு என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். முதல் வருஷம் நீங்கள் காத்திருந்தீர்கள். தளம் ஒழுகினாலும் அவர் வரட்டும் என்று பாத்திரம் வைத்திருப்பீர்கள். நீட்டிப்பு வந்தபிறகு ஒரு நாள், இனிமேல் காத்திருந்து பயனில்லை என்று முடிவுசெய்து மகளிர் குழுவுக்குப் போனீர்கள். அது சரியான முடிவு. அவரும் அங்கே அப்படித்தான் ஒரு நாள், வீட்டை நினைத்தால் நிற்க முடியாது என்று மனசை மூடிக்கொண்டிருப்பார். இரண்டு பேரும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் சொல்லாமல், அந்தக் கதவைச் சாத்தியிருக்கிறீர்கள். “யாரைக் கேட்டுச் செஞ்ச?” என்பதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். அவர் மனசில் இருக்கும் வீடு இரண்டரை வருஷத்துக்கு முந்தைய வீடு, தளம் ஒழுகுகிற, தன்னை எதிர்பார்த்து நிற்கிற வீடு. அதற்காக அவர் சொன்னது நியாயம் என்று ஆகிவிடாது. நீங்கள் அதற்கு மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம், ஸ்கூட்டி சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு மறுபடி பின்சீட்டில் உட்காரவும் வேண்டாம். ஒரு நாள் மாலை, அவர் குடிக்காத நேரமாகப் பார்த்து, கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எப்போது ஒழுகியது, யார் வந்து பார்த்தார்கள், எவ்வளவு கடன், வாரம் எவ்வளவு கட்டினீர்கள் என்று ஒன்றொன்றாகச் சொல்லுங்கள். சண்டையில் பதில் சொல்கிற மாதிரி சொல்லவேண்டாம். இரண்டரை வருஷம் அவர் பார்க்காத வீட்டை அவருக்குக் காட்டுகிற மாதிரி சொல்லுங்கள். அவரையும் அதே மாதிரி சொல்லச் சொல்லுங்கள். சண்டை, துப்பாக்கி எல்லாம் கேட்கவேண்டாம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள், யார் பக்கத்துக் கட்டிலில், நீட்டிப்பு என்று கேள்விப்பட்ட அன்றைக்கு என்ன செய்தீர்கள், இப்படி.

அப்புறம் வேலைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்கவேண்டாம், முழுதாக அவருடையது என்று ஒன்றிரண்டு கொடுங்கள். அதில் ஒன்று, மகளைக் காலையில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவது. அவர் போனபோது அவளுக்கு இரண்டரை வயது. அவளுக்கு இவர் போனில் தெரிகிற முகம், அவ்வளவுதான். “அப்பாகிட்ட போம்மா, முத்தம் குடு” என்று யாரும் தள்ளக்கூடாது, இதை உங்கள் அத்தையிடமும் சொல்லிவையுங்கள். முதல் வாரம் நீங்களும் கூடப் போங்கள். அடுத்த வாரம் தெருமுனை வரை போங்கள். ஒரே நேரம், ஒரே வழி, தினமும். குழந்தைகள் வார்த்தையைவிட ஒழுங்கைத்தான் நம்புவார்கள். அவருக்கும் காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொள்ள ஒரு காரணம் கிடைக்கும். எனக்குத் தெரிந்த பல அப்பாக்கள் இப்படித்தான் தேறினார்கள்.

குடியைப் பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்லவேண்டியிருக்கிறது. ரம் தூக்கத்தைக் கொண்டுவருவது உண்மை. பின்னிரவில் அதைக் கலைப்பதும் அதே ரம்தான். இரண்டு மணி விழிப்பில் அதற்கும் பங்கு இருக்கும். இரண்டு பெக் நாலு ஆக அதிக நாள் ஆகாது. ஆனால் தினமும் நிறையக் குடிக்கிறவராக இருந்தால், ‘இன்றோடு நிறுத்து’ என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது. நடுக்கம், வலிப்பு வரை போகலாம். டாக்டர் மேற்பார்வையில் குறைக்கவேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், குடியோடு சேர்ந்தால் அது உயிருக்கே ஆபத்து. பகலில் படுக்காமல் இருப்பது, எவ்வளவு நேரம் கழித்துத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது, இந்த இரண்டும் தூக்கத்துக்கு நன்றாக உதவும்.

டாக்டரிடம் போனால் யூனிட்டுக்குத் தெரியுமா? இப்போது அவர் எம்பாடி ஆகி இல்லை. நம் அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகப் போகிறார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவருடைய சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவமனையின் கடமை. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. “பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா கூப்பிடுற?” என்று அவர் கேட்கலாம். தூக்கத்துக்காக என்று சொல்லியே அழைத்துப்போங்கள், அது பொய்யும் இல்லை. படையில் இருப்பவர்கள் தூக்கம் கெட்டது என்பதை ஒப்புக்கொள்வார்கள், மனசு கெட்டது என்பதை அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கெட்ட கனவு, கண்முன் வந்து போகும் காட்சி, எதிலும் ஒட்டாமை, எப்போதும் உஷாராகவே இருப்பது, இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அதற்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது, இரண்டும் பலன் தருபவை.

யூனிட்டுக்குத் தெரியாமல் இருப்பதுதான் நல்லது என்று எப்போதும் நினைக்காதீர்கள். பணியின்போது ஏற்பட்ட பாதிப்பு என்று மருத்துவக் குழு முடிவுசெய்தால் உடல், மனம் எதுவானாலும் டி.ஏ. வீரருக்கும் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கேட்க வழி இருக்கிறது. எல்லா டி.ஏ. வீரரும் முன்னாள் படைவீரர் என்ற கணக்கில் வந்துவிடுவதில்லை. தொடர்ந்து எம்பாடி ஆன சேவைக்கு ஓய்வூதியம் பெறுபவர், பணியால் ஊனமுற்றவர், வீரப் பதக்கம் பெற்றவர் ஆகியோருக்குத்தான் அந்த அந்தஸ்து. அதனால் இப்போது எடுக்கும் சிகிச்சைச் சீட்டு ஒவ்வொன்றையும் ஒரு ஃபைலில் போட்டுவையுங்கள். மறுபடி அழைப்பு வந்தால் மருத்துவப் பரிசோதனையில் அவர் உண்மையைச் சொல்லவேண்டும். தூங்காத ஒருவர் துப்பாக்கியோடு நிற்பது அவருக்கும் ஆபத்து, கூட நிற்பவருக்கும் ஆபத்து.

கடைசிக் கேள்வி, மறுபடி போகாமல் தடுக்கலாமா? முறையான உத்தரவு வந்தால் போகாமல் இருக்க முடியாது. 2025 மே 6 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பில், டெரிடோரியல் ஆர்மியின் 32 காலாட்படை பட்டாலியன்களில் 14-ஐ எம்பாடி செய்ய ராணுவத் தளபதிக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். அது 2028 பிப்ரவரி 9 வரை நீடிக்கிறது. அவருடைய பட்டாலியன் நிலைமை என்ன, அவருடைய ஒப்பந்தக் காலம் எப்போது முடிகிறது என்று யூனிட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயத்தில் இருப்பதைவிட தேதி தெரிந்து இருப்பது நல்லது.

ஆனால் அவர் தானாகவே போக விரும்புகிறாரே, அதையும் புரிந்துகொள்ளவேண்டும். போனால் சம்பளம். ஜவானுக்கு ஓய்வூதியம் வர எம்பாடி ஆன காலம் மொத்தமாக 15 வருடம் சேரவேண்டும், ஒவ்வொரு முறை போவதும் அந்தக் கணக்கில் ஏறும். மரியாதை இருக்கிறது, நண்பர்கள் இருக்கிறார்கள், தான் யார் என்ற சந்தேகம் அங்கே வருவதில்லை. இங்கே இப்போதைக்கு இதில் எதுவும் இல்லை. இந்த நிலையில் அவர் எடுக்கும் முடிவு வீட்டை விட்டு ஓடுவதாகத்தான் இருக்கும். “இனிமே போகமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க” என்று நீங்கள் வாங்கும் வாக்கும் அதே அளவுக்குத்தான் உறுதியாக இருக்கும். கம்பெனி வேலை ஒரு முடிவுக்கு வரட்டும், தூக்கம் ஓரளவு திரும்பட்டும். ஆறு மாதம் இந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுப்பதில்லை என்று பேசிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் போகிறேன் என்றால் அது யோசித்து எடுத்த முடிவு. அப்போது நீங்கள் கேட்கவேண்டியவை இவை. கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுப் போகவேண்டும். உத்தரவின் நகல் வீட்டில் இருக்கவேண்டும். ஒரு வருஷம் என்று சொன்னால் இரண்டு வருஷம் என்று வைத்துக்கொண்டு பணத்தையும் குழந்தையின் படிப்பையும் திட்டமிடவேண்டும். நீட்டிப்பு வந்தால் அன்றைக்கே உங்களுக்குச் சொல்லவேண்டும், உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு வாரம் மறைத்துவைக்கக் கூடாது.

உங்கள் கடிதத்தில் உங்கள் மனசைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வீடு, கடன், மகள், மாமியார், அவர் என்று எல்லாம் இருக்கிறது. இரண்டரை வருஷம் ஒற்றை ஆளாக ஓட்டியவருக்கு, அவர் வந்ததும் இறக்கிவைக்கலாம் என்று ஒரு எதிர்பார்ப்பு இருந்திருக்கும். அது நடக்காமல் இன்னொரு பொறுப்பு கூடியிருக்கிறது. கோபம் வந்தால் அதில் தவறு ஒன்றும் இல்லை, நாட்டுக்காகப் போனவர் மேல் கோபப்படலாமா என்ற குற்ற உணர்ச்சியும் வேண்டாம். அவருடைய சிகிச்சைக்குப் போகும்போது நீங்களும் உள்ளே போய் ஐந்து நிமிடம் பேசுங்கள். அவர் உங்கள் மேலோ குழந்தை மேலோ கை வைத்தால், அல்லது பொருளை உடைத்தால், அதற்குப் போரையும் நோயையும் காரணமாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். 181 மகளிர் உதவி எண்ணுக்கு அழைத்துவிட்டு அப்புறம் சிகிச்சையைப் பற்றி யோசிக்கலாம். மகளிர் குழுவுக்குப் போவதை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தவேண்டாம்.

ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். கம்பெனி என்ன பதில் தருகிறது என்று எழுதுங்கள். பதிலே வராவிட்டால் அதையும் எழுதுங்கள், அடுத்த மனுவை யாருக்கு, எப்படி எழுதுவது என்று பார்க்கலாம்.